மாப்பிள்ளைக்குக் காட்டாத கால்

கால்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று நாற்பத்து நாலு வயதில் ஒருவன் சொன்னால், ஊரில் முதலில் அவன் தலையைத்தான் சந்தேகப்படுவார்கள். என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் பதினைந்து வருடம் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்துவிட்டு, கம்பெனி ஆள் குறைத்தபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவன் நான். அப்படித் திரும்பி வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஜேசிபி வாங்கி வாடகைக்கு விடுவார்கள், போர்வெல் வண்டியில் கூட்டுச் சேருவார்கள், ஒன்றும் முடியாவிட்டால் மெயின் ரோட்டில் ஒரு பேக்கரி வைப்பார்கள். நான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாத மருத்துவம் படிக்க விண்ணப்பம் போட்டேன்.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். எலும்பு டாக்டரா என்பார்கள். இல்லை, பாதம் என்பேன். பாதத்தில் படிக்க என்ன இருக்கிறது என்பார்கள். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். போகப்போக அலுத்துவிட்டது. ஆமாங்க, எலும்புதான் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

எனக்கு இந்த எண்ணம் யார்டில் வந்தது. காலையில் வேலைக்கு முன்பு ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஹெல்மெட், பெல்ட், ஷூ மூன்றையும் பார்ப்பது என் வேலை. ஷூவின் முனையைத் தட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறதா இல்லையா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். அறந்தாங்கிப் பக்கத்து வெல்டர் ஒருவரை அப்படித் தட்டிப் பார்த்து உள்ளே அனுப்பிய வாரம், அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுகர்காரர். ஷூவுக்குள் ஏதோ ஒரு முனை துருத்திக்கொண்டு உள்ளங்காலைத் துளைத்திருக்கிறது. அவருக்குக் குத்தியதே தெரியவில்லை. பாதத்துக்கென்றே ஒரு டாக்டர் வந்தார், என் வயதுள்ள சீனப் பெண்மணி. வந்ததும் புண்ணைப் பார்க்காமல் ஷூ எங்கே என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தோம். கையை உள்ளே விட்டு மெதுவாகத் தடவிப் பார்த்து, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். அத்தனை வருடம் ஷூவை வெளியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தவனுக்கு, உள்ளே கைவிட்டுப் பார்க்கவும் ஒரு படிப்பு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஆசை அப்போதே ஒட்டிக்கொண்டது. வேலை போன பிறகுதான் அதை வெளியே எடுத்தேன்.

ஊருக்கு வந்து நாங்கள் தங்கியது என் மனைவியின் வீட்டில். நார்த்தாமலைக்குப் பக்கத்துக் கிராமம். அவள் கீரனூரில் ஒரு பள்ளியில் டீச்சர், அங்கிருந்து போய் வருவது சுலபம். மாமியார் இறந்த பிறகு மாமா அந்த வீட்டில் தனியாக இருந்தார். ஆக, எல்லாருக்கும் வசதி. ஆனால் நாற்பது வயதுக்கு மேல், கையில் வேலையில்லாமல், வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் உட்காருவது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டீக்கடையில் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "சிங்கப்பூர் மாப்ள, இன்னும் டிக்கெட் வரலீங்களா?" என்பார்கள்.

மாமா ரிட்டயர்டு கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் முன்னும் பின்னும் நடந்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர். நான் அவர் வீட்டில் இருப்பது எனக்குக் குறைவாகப் படக்கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு கவனம். நான் உள்ளே வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். டிவியின் சத்தத்தைக் குறைப்பார். எனக்கு இலை போட்ட பிறகுதான் அவருக்கு. முக்கியமாக, எனக்கு எதிரில் காலை நீட்டி உட்கார மாட்டார். என் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அவருடைய இரண்டு பாதங்களும் நாற்காலிக்கு அடியில் போய்விடும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் காலைக் காட்டுவது மரியாதைக் குறைவு. கல்யாணத்தன்று ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தபோதுகூட, காலைத் தொடவிடாமல் என் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டவர் அவர்.

முதல் வருட அலைச்சலை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. கல்லூரியில் விலங்கியல் படித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் என்னென்ன பாடம், எத்தனை மணி நேரம் என்று இங்கே முத்திரை போட்டு வாங்கி அனுப்பச் சொன்னார்கள் இங்கிலாந்தில். அதற்காக நான் போன அலுவலகத்தில் கவுண்டரில் இருந்தவர், பையன் பேரைச் சொல்லுங்க என்றார். பையன் இல்லை, நான்தான் என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். திருச்சியில் ஆங்கிலத் தேர்வு எழுதப் போனபோது, ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்று, பேப்பர் எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டது. வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்லும் கன்சல்டன்சிக்காரர் என் வயதைக் கேட்டுவிட்டு, மகள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், நிச்சயம் அனுப்பிவிடலாம் என்றார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் இருக்கிறாள். அவளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். சிங்கப்பூரிலிருந்து போலீஸ் சான்று, பழைய கம்பெனியிலிருந்து கடிதம், இங்கே ஒரு போலீஸ் சான்று. ஒன்று வந்து சேருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மாடி அறையில் லேப்டாப்புக்கு முன்னால், கோட்டுப் போட்டுக்கொண்டு, கீழே கைலியோடு உட்கார்ந்தேன். திரையில் மூன்று பேர். வெல்டர் கதையைச் சொன்னேன், நன்றாகக் கேட்டார்கள். பிறகு அதில் மூத்த பெண்மணி, நீங்கள் எப்போதாவது இன்னொருவருடைய பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். நான் யோசித்தேன். ஷூக்களைப் பார்த்திருக்கிறேன் என்றேன். அவர்கள் சிரித்த விதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. இடம் இல்லை, ஏதாவது ஒரு கிளினிக்கில் கையால் பழகிவிட்டு அடுத்த வருடம் மறுபடி முயலலாம் என்று மெயில் வந்தது.

என் மனைவி அன்று திட்டவில்லை. இன்னும் ஒரே ஒரு வருடம் என்றாள். அதற்குள் கிடைத்தால் போவது, கிடைக்காவிட்டால் கீரனூரில் அவளுடைய சித்தப்பாவின் கடை காலியாக இருக்கிறது, அதில் பேக்கரி. நானும் ஒப்புக்கொண்டேன். அதற்கு மேல் அலைய எனக்கே தெம்பு இல்லை. இந்த வருடம் சீட் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தேங்காய் பன்.

பாத மருத்துவர் என்று ஒருவரை எங்கள் மாவட்டத்தில் எங்கே போய்த் தேடுவது? டவுனில் சுகர் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர் என் கதையைக் கேட்டுவிட்டு, கட்டுப் போடும் அறையில் நிற்கச் சம்மதித்தார். முதலில் பார்ப்பது, பிறகு பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுப்பது, அதன் பிறகு அங்கிருந்த சிஸ்டரின் கண் முன்னால் காலைப் பிடிப்பது. வாரத்தில் பாதி நாள் காலை பஸ்ஸில் போய் மதியம் திரும்புவேன்.

அங்கேதான் என் கஷ்டம் தொடங்கியது. யாரும் எனக்குக் காலைத் தர மாட்டேன் என்றார்கள். சிஸ்டர் கேட்டால் நீட்டுவார்கள். நான் குனிந்தால் இழுத்துக்கொள்வார்கள். நரைத்த தலை, கண்ணாடி, இன் பண்ணிய சட்டை. "சார், நீங்க போயி என் காலத் தொடுறதா" என்று ஒருவர் பெஞ்சின் மேலேயே காலை ஏற்றிக்கொண்டார். ஒரு வயதான அம்மா என் கை அவர் பாதத்தில் பட்டதும், அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சீனப் பெண்மணி நினைவில் ஒருவருடைய செருப்பை எடுத்துப் பார்த்தேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் ஊரில் ஒருவர் செருப்பைக் கையில் எடுத்தால் அதற்கு வேறு அர்த்தம்.

சிஸ்டர் சில நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நாளையிலிருந்து இன் பண்ணாம வாங்க. ஒங்களப் பாத்தா இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவரு மாதிரி இருக்கு." பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். நிற்காமல், நோயாளியின் பெஞ்சை விடத் தணிவான ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். எந்த ஊர், என்ன வெள்ளாமை என்று பேச்சுக் கொடுத்தேன். மெல்ல ஒன்றிரண்டு கால்கள் என் கைக்கு வந்தன. நைலான் நூலால் உள்ளங்காலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கப் பழகினேன். தெரியுது, தெரியுது என்பார்கள். பல பேர் அப்படிச் சொல்லும்போது நான் இன்னும் தொட்டிருக்கவே மாட்டேன்.

மாமாவுக்கும் பல வருடமாகச் சுகர். கிளினிக்கிலேயே சொல்லி, அவர் அளவுக்கு, சுகர்காரர்களுக்கென்றே மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி செய்து வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். சில நாள் கழித்து அது பீரோவில், அட்டைப்பெட்டியோடு, அவருடைய பட்டு வேட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது, அதைப் போய் மண்ணில் போட்டு மிதிப்பதா என்று மகளிடம் கேட்டிருக்கிறார். விசேஷங்களுக்கு எடுத்துப் போட்டுக்கொள்வார். மண்டப வாசலில் கழற்றி விட்டுவிட்டு உள்ளே போவார். உங்கள் காலைப் பார்க்கலாமா மாமா என்று நான் இரண்டு மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு தடவையும், என் காலுக்கு என்ன மாப்ள, அது பாட்டுக்கு இருக்கு என்று சிரித்துக்கொண்டே இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். ஊரில் உள்ளவர்களின் பாதங்களை எல்லாம் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, சொந்த வீட்டில் இருக்கும் ஒரு ஜோடி மட்டும் கண்ணில் படவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி கூடத்தைத் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். சிவப்பு சிமெண்டுத் தரையில் ஈரம் காயவில்லை. மாமா குளித்துவிட்டு அதன் மேல் நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். வழக்கம்போல அவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், பாதங்கள் நாற்காலிக்கு அடியில் போயின. ஆனால் தரையில் தடம் இருந்தது. இடது காலின் தடம் சுத்தமாக இருந்தது. வலது காலில், விரல்களுக்குக் கீழே, ஒவ்வொரு தடத்திலும் மஞ்சளும் பழுப்புமாக ஒரு திட்டு. வாடையும் வந்தது. கிளினிக்கில் பழகிப்போன வாடை.

"கால்ல என்ன மாமா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. ஈரம்."

நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை தரையில் இருக்கும்போது அவர் நாற்காலியில் உட்கார முடியுமா? அவரும் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார், சம்மணம் போட்டு, பாதங்களைத் தொடைக்குக் கீழே மறைத்துக்கொண்டு. முகத்தில் அப்போதும் அதே பணிவுச் சிரிப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்டில் கத்துவதுபோல ஒரு கத்துக் கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் எழுந்து உள்ளே போய்விடுவார் என்று தெரியும். கெஞ்சினால் இன்னும் கூசிப்போவார். அவர் எனக்கு மறுக்க முடியாத ஒன்றைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"மாமா, அடுத்த மாசம் எனக்கு இண்டர்வியூ. போன தடவ எதுல போச்சுன்னு ஒங்களுக்கே தெரியும். வீட்டுல இருக்குற காலயே பாக்காதவனுக்கு அவங்க எப்படி சீட்டுக் குடுப்பாங்க?"

சிரிப்பு நின்றது. "சீட்டுக்குன்னா சரி மாப்ள," என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து என் மடியில் விரித்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வலது காலை, இரண்டு கையாலும் தூக்கி, அந்தத் துண்டின் மேல் வைத்தார்.

பெருவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம் ஒன்று உடைந்து, ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறிப் போயிருந்தது. நடுவில் குழி. இரண்டாவது விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. எப்போதிலிருந்து என்றேன். பங்குனியிலிருந்து என்றார். மகளிடம் கல் குத்திவிட்டது, மருந்து போட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறார். என்ன நடந்தது என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னார்.

"ஒங்களுக்கு சீட்டுக் கெடைக்கணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன் மாப்ள. உச்சி வெயில்ல செருப்பில்லாம நடந்து வந்து கேக்குறேன், கெடச்சா அதே மாதிரி இன்னொரு நட வந்து சொல்றேன்னு. நம்ம வீட்டுலேருந்து கோயில் வரைக்கும் தார் ரோட்டுலதான் நடந்தேன்."

"சுட்டிருக்குமே மாமா."

"அதான் மாப்ள அதிசயம். சுடவே இல்ல. பூ மேல நடக்குற மாதிரி இருந்துச்சு. அப்பவே நெனச்சேன், ஆத்தா ஏத்துக்கிட்டான்னு."

அவர் இதைச் சொன்னபோது முகம் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உணர்ச்சி செத்துப்போன பாதம், பங்குனி வெயிலில் கொதிக்கிற தார், அதன் மேல் எனக்காக நடந்திருக்கிறார். சுடாததை அம்மன் கொடுத்த பதில் என்று எடுத்துக்கொண்டு, ஒரு மாதமாக அந்தப் புண்ணின் மேலேயே நடந்து எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நான் மாடியில் உட்கார்ந்து, சுகர் நோயாளிகளின் பாதத்தில் எனக்குள்ள அக்கறையைப் பற்றி ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்றே கிளினிக் டாக்டரிடம் போனோம். அவர் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டாவது விரலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள். மாமா ஆபரேஷனுக்கு முன்னால் என்னிடம், இதனால் உங்கள் இண்டர்வியூவுக்கு ஒன்றும் கெடுதல் வராதே என்று கேட்டார். வராது என்றேன். பிழைத்தேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் கட்டு மாற்ற வேண்டும். என் மனைவி எத்தனையோ விஷயத்தில் தைரியசாலி, ஆனால் புண்ணைப் பார்த்தால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. காலையில் அவள் சமையலறையில் இருக்கும்போது, நாற்காலியில் மாமாவும் எதிரில் பலகையில் நானும் உட்காருவோம். முதல் சில நாள் ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் காலை என் மடியில் வைப்பார். யாராவது வாசலில் வந்தால் சட்டென்று இழுப்பார், கட்டு அவிழ்ந்துவிடும். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, என்னங்க, மாப்பிள்ளையைக் காலைப் பிடிக்க வைத்துவிட்டீர்களே என்று விளையாட்டாகக் கேட்டார். மாமா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம்.

பிறகு மெல்ல மறந்து போனார். கன்னத்தில் போட்டுக்கொள்வது நின்றது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார். பேப்பர் படிக்க ஆரம்பித்தார், பழைய பஸ் கதைகளைச் சொன்னார். ஒரு நாள் நான் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, கால் என் மடியில் இருக்கவே தூங்கிவிட்டார். எழுப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் முதுகு விட்டுப்போனது. ஆனாலும் சிங்கப்பூரில் வாங்கிய எந்தப் பாராட்டுக்கும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

இண்டர்வியூ வந்தது. இந்தத் தடவை முழுக்கால் சட்டையே போட்டுக்கொண்டேன். அதே பெண்மணி இருந்தார். அதே கேள்வியைக் கேட்டார். கிளினிக்கைப் பற்றித் தயார் செய்து வைத்திருந்தேன், அது வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பாதம் இருந்தது, என் மேல் இருந்த மரியாதையால் அதை எனக்குக் காட்டவில்லை என்று தொடங்கினேன். நாற்காலி, தரை, துண்டு, தார் ரோடு எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலம் நடுவில் தட்டுத் தடுமாறியது. கடைசியில் அந்தப் பெண்மணி, எங்கள் ஊரிலும் காலைக் காட்ட மாட்டார்கள், இங்கே வெட்கம் காரணம் என்றார். கணினியை மூடியபோது எனக்கு எந்த நம்பிக்கையும் இல்லை, களைப்புத்தான் இருந்தது. இறங்கிப் போய்க் கட்டு மாற்றினேன்.

மெயில் ஆனி மாதத்தில் வந்தது. கிளினிக்கிலிருந்து வரும்போது பஸ்ஸில் பார்த்தேன். இடம் உண்டு, செப்டம்பரில் வகுப்பு. குளத்தூர் விலக்கு வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. ஏதோ மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் என் மனைவி பள்ளிவிட்டு வந்ததும் வாசலிலேயே சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது. பேக்கரி போச்சா என்று சிரித்தாள். அடுத்த நிமிடம் முகம் மாறியது.

"ஏங்க, அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல, இனிமேத்தான்."

"சொல்லாதீங்க. சொன்னா நாளைக்கே கெளம்பிருவாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிடைத்தால் அதே மாதிரி இன்னொரு நடை. டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார், புண் ஆறினாலும் இனி ஆயுளுக்கும் ஓர் அடிகூட வெறுங்காலில் வைக்கக்கூடாது என்று. இன்னொரு தடவை அந்த ரோட்டில் நடந்தால் விரலோடு நிற்காது. நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று எல்லா வழியும் யோசித்தோம். செருப்புப் போட்டுக்கொண்டு போகச் சொன்னால், வேண்டிக்கொண்டது அப்படி இல்லையே என்பார். ஆட்டோவில் போகலாம் என்றால் ஆத்தாவை ஏமாற்றுவதா என்பார். அவருக்குப் பதில் நான் நடக்கிறேன் என்றால் கேட்கவே வேண்டாம், மாப்பிள்ளையை வெயிலில் வெறுங்காலில் நடக்க விடுகிற மாமனாரா அவர்? அம்மனுக்குக் கொடுத்த வாக்கு. எனக்கு எதையும் மறுக்காதவர், இதை மறுத்துவிடுவார்.

இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று அன்றிரவே பதில் போட்டுவிட்டேன். விசாவுக்கான வேலைகள் நடக்கின்றன. அதற்காகத் திருச்சிக்குப் போகும் நாட்களில் கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். செப்டம்பரில் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கும் தெரியவில்லை. அதற்குள் புண்ணைப் பார்க்கப் பழகிவிட வேண்டும் என்று, நான் கட்டு மாற்றும்போது அவள் தினமும் கொஞ்ச நேரம் கூட நின்று பார்க்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

இன்று காலையும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். புண் நன்றாகச் சுருங்கி வருகிறது, ஓரத்தில் புதுத் தோல். பஞ்சை நனைத்து ஓரமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தினமும் கேட்பதைக் கேட்டார்.

"ஏதும் சேதி வந்துச்சா மாப்ள?"

"இன்னும் இல்ல மாமா."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார் போல, குனிந்து என் தோளைத் தொட்டார். "வரும் மாப்ள. நடந்து போயிக் கேட்டிருக்கோம்ல. குடுக்காமயா போயிருவா?"

நான் கட்டைச் சுற்றி முடித்து, முனையை ஒட்டினேன். அவர் அந்தக் காலை மெதுவாக இறக்கி வைத்தார். பிறகு, நான் கேட்காமலே, இன்னொரு காலையும் எடுத்து என் மடியில் வைத்தார்.